யார் கேட்டு எழுதியது?

விக்கிப்பீடியாவின் புதுப் பக்கங்களின் வரிசையில் ஒரு தொழிலதிபரைப் பற்றிய கட்டுரை வந்து நின்றால், நான் அதை மேலிருந்து படிக்கத் தொடங்குவதில்லை. நேராக அடிக்குப் போய்ச் சான்றுகளைத்தான் திறப்பேன். மேலே இருப்பது அவரோ, அவர் அலுவலகத்தில் யாரோ, அவர் பணம் கொடுத்து அமர்த்திய ஒருவரோ சொல்ல விரும்பியது. அடியில் இருப்பது, அவரைப் பற்றி வெளியுலகம் என்ன சொல்லியிருக்கிறது என்பதற்கான சாட்சி. விக்கிப்பீடியாவில் ஒருவருக்குக் கட்டுரை இருக்கலாமா கூடாதா என்ற கேள்வி முழுக்க அந்தச் சாட்சியைப் பற்றியது. அவர் நல்லவரா, எவ்வளவு சம்பாதித்தார், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

விதி சுருக்கமானது. அந்த ஆளோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் இதைக் குறிப்பிடத்தக்கமை என்கிறோம். ஆலமரத்தடி என்ற பொது விவாதப் பக்கத்திலும் பேச்சுப் பக்கங்களிலும் இதைப் பற்றி வருடக்கணக்காக வாதாடியிருக்கிறோம். விரிவு, நம்பகம், தொடர்பின்மை ஆகிய மூன்றும் ஒரே சான்றில் சேர்ந்திருக்க வேண்டும். முதல் இரண்டும் எளிதில் வாய்த்துவிடும். பெயர்பெற்ற நாளிதழின் இணையதளத்தில், படத்தோடு, நீளமாகவே ஒரு கட்டுரை இருக்கும். மூன்றாவதில்தான் பெரும்பாலானவை நிற்பதில்லை. ஆகவே ஒவ்வொரு சான்றையும் திறக்கும்போது எனக்குள் ஓடுவது ஒரே கேள்வி: இதை யார் கேட்டு எழுதினார்கள்?

விடை பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கும். எழுதியவர் பெயர் இருக்கிறதா, செய்திப் பிரிவு என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். பெயர் இருந்தால் அவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று தேடுவேன். பிறகு பக்கத்தின் கடைசி வரிவரை போக வேண்டும். உள்ளடக்கத்துக்குச் செய்தி நிறுவனம் பொறுப்பேற்காது, இது பத்திரிகை அறிக்கையாக வந்தது என்ற குறிப்பு அங்கேதான் சிறு எழுத்தில் இருக்கும். முகவரிப் பட்டையையும் விடக்கூடாது. பிராண்ட், ஸ்பாட்லைட், இம்பாக்ட் என்று ஏதாவது அதில் தென்பட்டால் விளம்பரப் பிரிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, கட்டுரையின் நடுவிலிருந்து ஒரு சாதாரண வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவேன். அதே வாக்கியம் ஆறு தளங்களில் ஒரே வாரத்தில் வந்திருந்தால், ஆறும் சேர்ந்து ஒரே சான்று. அதுவும் அவரே கொடுத்தது.

தேதிகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது எனக்கு மிகவும் உதவிய பழக்கம். ஒருவர் உண்மையிலேயே பொதுவாழ்வில் இருந்தால், அவரைப் பற்றிய செய்திகள் வருடங்களில் சிதறிக் கிடக்கும்: ஒரு தொழிற்சாலைத் திறப்பு, ஒரு வேலைநிறுத்தம், ஒரு வழக்கு, ஒரு நஷ்டக் கணக்கு, சங்கத் தேர்தலில் ஒரு தோல்வி. விலை கொடுத்து வந்தவை அப்படி இருப்பதில்லை. ஒரு மார்ச் மாதம் தொடங்கி மே மாதம் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் அவர் பெயரே எங்கும் கிடையாது. நேர்காணல்களும் இங்கே கைகொடுப்பதில்லை. அச்சிட்டது பத்திரிகை என்றாலும் பேசியது அவர். செய்தியாளர் அவரைத் தவிர வேறு யாரையாவது பார்த்தாரா, தொழிலாளியை, போட்டியாளரை, வாடிக்கையாளரை, வங்கியை? அவருக்குப் பிடிக்காத ஒரு வரியாவது அதில் இருக்கிறதா? பிடிக்காத வரி இருந்தாக வேண்டும் என்று விதி ஏதுமில்லை. ஆனால் அப்படி ஒரு வரியைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிடும். அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்காமல் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இந்த வேலையில் விட முடியாது. முப்பது சான்று இருந்தால் முப்பதையும் திறந்தாக வேண்டும். இருபத்தொன்பது வெறும் அறிக்கையாக இருந்து, முப்பதாவது ஒரு செய்தியாளர் மாதக்கணக்கில் அலைந்து எழுதியதாக இருக்கலாம். அவசரப்பட்டு நீக்கல் வார்ப்புருவை ஒட்டுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். முதல் மூன்று சான்றும் விளம்பரம் என்பதற்காக நான்காவதைத் திறக்காமல் விடுவது சோம்பல்.

தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்வது குற்றமில்லை. கட்டுரையை மறுக்க அது காரணமும் ஆகாது. கரோல் பாகில் வாழ்ந்த டெல்லித் தமிழர்களுக்கு எம்.டி.எச். மசாலாவின் தரம்பால் குலாட்டியைத் தெரியாமல் இருக்காது. பெட்டியில் அவர் முகம், தொலைக்காட்சி விளம்பரத்திலும் அவரே நடிகர். செந்தலைப்பாகையையும் வெள்ளை மீசையையும் நிறுவனத்தின் முத்திரையாக்கியவர். 1923இல் சியால்கோட்டில் பிறந்து, 1947 பிரிவினையில் அகதியாக டெல்லிக்கு வந்து, கரோல் பாக் அஜ்மல் கான் சாலையில் கடை போட்டவர். 2019இல் பத்ம பூஷண் பெற்றார்; 2020 டிசம்பரில் மறைந்தார். இவருக்குக் கட்டுரை வேண்டுமா என்று யாரும் வாதாடத் தேவையில்லை. 2017இல் ஒரு வணிக நாளிதழ் நிறுவனத்தின் கணக்குகளைப் புரட்டி, நாட்டின் நுகர்பொருள் நிறுவனத் தலைவர்களில் மிக அதிகமாக, 21 கோடி ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர் தொண்ணூறைக் கடந்த இந்த முதியவர்தான் என்று எழுதியது. அவர் கேட்டு எழுதியதல்ல அது. ஆனால் தந்தை கொடுத்த 1500 ரூபாயில் 650 ரூபாய்க்குக் குதிரை வண்டி வாங்கி ஓட்டினார் என்ற புகழ்பெற்ற கதையின் ஊற்று அவரேதான். மற்றவர்கள் அவரிடமிருந்து எடுத்துச் சொன்னார்கள். அதை நீக்க வேண்டியதில்லை. ‘என்று அவர் கூறியுள்ளார்’ என்பதைச் சேர்த்தால் போதும்.

தமிழ்நாட்டில் கடை அதிபர் லெஜண்ட் சரவணனையும் இப்படித்தான் பார்க்கிறேன். தன் கடை விளம்பரங்களில் தானே தோன்றினார். 2022இல் ‘தி லெஜண்ட்’ படத்தில் நாயகனாகவும் நடித்தார். அதைப் பற்றி ஊரே எழுதியது, பாராட்டியும் கேலி செய்தும். அந்தக் கேலி ஒரு நல்ல சான்று. காசு கொடுத்து யாரும் கேலியை வாங்குவதில்லை.

பாராட்டைத்தான் வாங்குகிறார்கள். இந்தியாவில் தொடர்பின்மையைச் சோதிப்பது இவ்வளவு கடினமாகிப் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 2003இல் டைம்ஸ் குழுமம் மீடியாநெட் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. நகர இணைப்பிதழ்களில் ஆட்களைப் பற்றியும் நிகழ்ச்சிகளைப் பற்றியும் எழுத அதன்வழியே கட்டணம் வாங்கலாம் என்றானது. ‘டெல்லி டைம்ஸ்’ இணைப்பின் பெயருக்கு அடியில் அது விளம்பரப் பகுதி என்ற சிறு குறிப்பு உண்டு. வாசகர் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்? அடுத்து வந்தது, நிறுவனங்களின் பங்குகளை வாங்கிக்கொண்டு விளம்பர இடம் தரும் தனி ஒப்பந்தம். அப்படிப் பங்கு வைத்திருக்கும் ஊடகம் அந்நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லியாக வேண்டும் என்று 2010இல் பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபி வலியுறுத்த வேண்டிவந்தது. 2009 தேர்தல்களில் வேட்பாளர்கள் காசு கொடுத்துச் செய்தி வாங்கியது வெளிவந்தபோது, பிரஸ் கவுன்சில் பரஞ்சோய் குஹா தாகுர்தாவையும் கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டியையும் விசாரிக்க நியமித்தது. காசு வாங்கிய ஊடகங்களின் பெயர்களோடு அவர்கள் எழுதிக் கொடுத்த 71 பக்க அறிக்கையை 2010இல் கவுன்சில் முழுதாக வெளியிடவில்லை; சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. முழு அறிக்கை மத்தியத் தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு 2011இல்தான் பொதுவில் வந்தது. அதில் பேசப்பட்டது அரசியல். ஆனால் அதே கடையில் தொழிலதிபருக்கும் சரக்கு உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவின் சான்று வழிகாட்டலில் இந்தியச் செய்தி நிறுவனங்களைப் பற்றித் தனியே ஒரு பத்தி எழுத வேண்டிவந்திருக்கிறது. ஒரு இந்தியனாக அதைப் படிக்க எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன்.

விருதுகளும் இதே வகை. பத்ம விருது, தேசியத் திரைப்பட விருது, சாகித்திய அகாதெமி போன்றவை தன்னளவில் எடை உள்ளவை. ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஒரே மாலையில் எண்பது பேருக்கு வழங்கப்படும் ‘தேசப் பெருமை’ வகை விருதுகளுக்கு அந்த எடை இல்லை. விருதைப் பெற்றவர் தளத்திலும் வழங்கியவர் தளத்திலும் தவிர அதற்கு வேறெங்கும் தடமிருக்காது. பெயருக்கு முன் டாக்டர் என்று இருந்தால், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தைத் தேடுவேன். பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டுவருகிறது. 2023 ஆகஸ்டில் அதில் இருந்த 20இல் 8 டெல்லியில் இருந்தன. தலைநகரின் முகவரிக்கு அவ்வளவு மதிப்பு.

ஆங்கிலத்தில் நீக்கப்பட்டவர் சில வாரங்களில் தமிழிலும் வங்காளத்திலும் பஞ்சாபியிலும் முளைப்பதையும் பார்க்கிறேன். அங்கே காவலுக்கு ஆள் குறைவு என்று அனுப்புகிறவர்களுக்குத் தெரியும். “இவர் ஒரு இந்திய தொழில்முனைவோர், பரோபகாரர் மற்றும் ஊக்கமளிக்கும் பேச்சாளர் ஆவார்” என்று தொடங்கும் அந்த இயந்திரத் தமிழை முதல் வரியிலேயே அடையாளம் காணலாம். தமிழ் வாசகர் யாரும் தேடாத ஒருவரைப் பற்றி, தமிழ் அறியாத ஒருவர், தமிழில் பக்கம் திறப்பது கூகுளின் வலப்பக்கத் தகவல் பெட்டிக்காக. சிறிய மொழிப் பதிப்பு என்பதால் இங்கே அளவுகோலைத் தளர்த்தலாம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நம் ஊர்ச் சிற்றிதழ் ஆசிரியருக்கு, நாடகக் கலைஞருக்கு, அச்சில் மட்டுமே சான்று உள்ளவருக்கு மனமுவந்து தளர்த்துவேன். இதற்கு மாட்டேன்.

இவ்வளவும் சின்ன விஷயங்கள். இந்தக் கேள்வியின் முழு ஆழமும் தெரிந்தது டெல்லியின் ஒரு பெரிய வழக்கில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஐஐபிஎம் கதையைத்தான்.

1973இல் மலயேந்திர கிசோர் சௌத்ரி தொடங்கிய மேலாண்மைக் கல்வி நிறுவனம் அது. அவர் மகன் அரிந்தம் சௌத்ரியின் காலத்தில் அதன் முழுப்பக்க விளம்பரங்கள் இல்லாத நாளிதழ் அரிது. ஐஐஎம்களையும் தாண்டிச் சிந்திக்கத் துணியுங்கள் என்பது அவற்றின் அழைப்பு. தெற்கு டெல்லியில் தொடங்கி, சென்னை உட்படப் பல நகரங்களில் வளாகங்கள். அரிந்தம் சௌத்ரி நூல்கள் எழுதினார், மேடைகளில் பேசினார், திரைப்படம் எடுத்தார். அவர் தயாரித்த ‘தோ தூனி சார்’ சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. ‘தி சண்டே இந்தியன்’ என்ற அவரது வார இதழ் தமிழிலும் வந்தது. நம்மில் பலர் வாசித்திருக்கிறோம். இவர் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டவர் என்பதில் ஐயமில்லை. கட்டுரைக்குத் தகுதி உள்ளவரா? ஐயமே இல்லாமல் உள்ளவர். ஆனால் அந்தத் தகுதியை அசைக்க முடியாததாக ஆக்கியது எது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

2005இல் மும்பையில் ரஷ்மி பன்சலின் ‘ஜாம்’ இதழ் அந்த விளம்பரங்களில் இருந்த கூற்றுகளைச் சரிபார்த்து எழுதியது. அதைத் தன் வலைப்பதிவில் எடுத்துப் பேசிய கௌரவ் சப்னிஸுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. அவர் ஐபிஎம்மில் வேலை பார்த்துவந்தார். ஐஐபிஎம் தன் மாணவர்களுக்கு வாங்கிக் கொடுத்திருந்த ஐபிஎம் மடிக்கணினிகளைக் கொளுத்தப்போவதாக மிரட்டல் வந்ததும், நிறுவனத்துக்குச் சங்கடம் வேண்டாம் என்று தானே ராஜினாமா செய்தார். 2009இல் மகேஷ்வர் பெரியின் ‘கேரியர்ஸ்360’ இதழ் ஐஐபிஎம் பற்றி எழுதியது. 2011 பிப்ரவரியில் ‘கேரவன்’ இதழில் சித்தார்த்த தேவ் எழுதிய நீண்ட கட்டுரை வந்தது. டெல்லியில் அச்சாகும் அந்த இதழின்மேல் வழக்குத் தொடரப்பட்டது அஸ்ஸாமின் சில்சாரில். கேட்கப்பட்ட நஷ்டஈடு 50 கோடி ரூபாய். நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் அக்கட்டுரை இணையத்திலிருந்து இறங்கியது. தேவின் நூல் இந்தியாவில், சௌத்ரியைப் பற்றிய அதன் முதல் அத்தியாயம் இல்லாமலே வெளிவந்தது. 2013 பிப்ரவரியில் குவாலியர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 73 இணைய முகவரிகளைத் தடுக்கும்படி தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. ஐஐபிஎம் ஒரு பல்கலைக்கழகம் அல்ல என்று அறிவித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் பக்கமும் அவற்றில் ஒன்று. அரசு, அரசின் எச்சரிக்கையையே மக்கள் கண்ணிலிருந்து மறைத்தது.

ஒரு கலைக்களஞ்சியத் தொகுப்பாளரின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். அவரைப் பற்றி அவர் கேட்காமல், விரிவாக, பொறுப்போடு எழுதப்பட்டவை எவையோ அவைதான் கட்டுரைக்கு அடித்தளம். அவையே ஒவ்வொன்றாக வழக்குக்குள் போயின. மிஞ்சியவை விளம்பரமும், விளம்பரம் வாங்கிய தாள்களின் மெல்லிய செய்திகளும். புகழை விலைக்கு வாங்குவதும் விமர்சனத்தை வழக்கால் அடக்குவதும் வேறு வேறு செயல்களாகத் தோன்றும். சான்றுப் பட்டியலில் இரண்டும் ஒரே விளைவைத் தருகின்றன. ஒன்று தட்டில் போலி எடையை வைக்கிறது, மற்றது உண்மை எடையை எடுத்துவிடுகிறது.

அந்த வருடங்களில் உதவியது அச்சுதான். சான்று இணையத்தில் கிடைக்க வேண்டும் என்று விக்கிப்பீடியாவில் எந்த விதியும் இல்லை. ‘கேரவன்’ 2011 பிப்ரவரி இதழ் கடைகளில் விற்றது, நூலகங்களில் சேர்ந்தது. பக்க எண்ணோடு குறிப்பிட்டால் அது முழுமையான சான்று. சுட்டி செத்துவிட்டது, ஆகவே வரியை நீக்குகிறேன் என்று சொல்பவரிடம் நான் இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த அடி உள்ளேயிருந்தே விழுந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் விஃபிஒன் என்ற பயனர் 2010இல் நிர்வாகியானார். ஐஐபிஎம், அரிந்தம் சௌத்ரி ஆகிய கட்டுரைகளில் அவர் வருடக்கணக்காகத் தொகுத்தார். நாகரிகமான பேச்சு, விதிகளில் நல்ல தேர்ச்சி. வலைப்பதிவு நம்பகமான சான்றல்ல என்பது உண்மையான விதி. உயிரோடிருப்பவர் பற்றிய பாதகமான வரிக்கு வலுவான சான்று வேண்டும் என்பதும் உண்மையான விதி. அந்த விதிகளைச் சொல்லியே விமர்சனங்களைக் கழிக்கவும், சாதகமானவற்றை நிலைநிறுத்தவும் முடிந்தது. ஒவ்வொரு தொகுப்பையும் தனியாகப் பார்த்தால் தவறு தெரியாது. வரலாற்றுப் பக்கத்தில் தொடர்ச்சியாகப் படித்தால்தான் எல்லாம் ஒரே திசையில் சாய்வது தெரியும். சக தொகுப்பாளர்கள் சிலர் பொறுமையாக அந்தத் தொடர்ச்சியைத் தொகுத்துக் காட்டினார்கள். 2015 பிப்ரவரியில் நடுவர் குழு அவருடைய நிர்வாகி அணுக்கத்தைப் பறித்து அவரைத் தடை செய்தது. அடுத்த மாதம் ‘நியூஸ்வீக்’ இதை எழுதியபோது, அந்தக் கட்டுரையை நம்பிச் சேர்ந்திருக்கக்கூடிய மாணவர்களைப் பற்றிப் பேசினார் மகேஷ்வர் பெரி. அந்தப் பேச்சு என்னை விட்டு இன்னும் போகவில்லை. வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி போகும் பிள்ளைக்கு, கடன் வாங்கிக் கட்டணம் கட்டப்போகும் தகப்பனுக்கு, கூகுளில் முதலில் வந்து நிற்பது நாங்கள் எழுதிய பக்கம்.

2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், எம்பிஏ, பிபிஏ, மேலாண்மைக் கல்லூரி போன்ற சொற்களை ஐஐபிஎம் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2015இல் அதன் வளாகங்கள் மூடப்பட்டன. ‘கேரவன்’ கட்டுரைமீதான தடையை டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது 2018 பிப்ரவரியில். ஏழு வருடம் மறைந்திருந்த அந்தக் கட்டுரை இன்று மறுபடி இணையத்தில் கிடைக்கிறது.

தகுதி உண்டு என்று முடிவெடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை இங்கிருந்துதான் கற்றேன். நீக்கல் உரையாடல் ஏழு நாளில் முடிந்துவிடும். அதன்பிறகு கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்துக் காப்பது வருடக்கணக்கான வேலை. பிடிக்காத ஆள் என்பதற்காக ‘நீக்குக’ என்று எழுதுவதும் தவறு. விளம்பரப் பிரியரின் கட்டுரையை நீக்கினால், அவரைப் பற்றி உழைத்து எழுதிய செய்தியாளர்களின் கண்டுபிடிப்புகளையும் சேர்த்து நீக்குகிறோம். அப்போது பொதுமக்களுக்கு மிஞ்சுவது அவருடைய சொந்த இணையதளம் மட்டும்தான். தேர்ந்த விமர்சனம் உள்ள ஆளுக்குக் கட்டுரை இருப்பதே நல்லது. அதில் புகழுக்கும் இடம் உண்டு. ‘தோ தூனி சார்’ வாங்கிய தேசிய விருது அந்தக் கட்டுரையில் இருக்க வேண்டும், நீதிமன்றத் தீர்ப்பும் இருக்க வேண்டும்.

அஞ்சுவதற்கும் காரணம் இருக்கிறது. 2024இல் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரைக்காக டெல்லி உயர் நீதிமன்றத்தில் விக்கிமீடியா அறக்கட்டளைமேல் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. தொகுத்த தன்னார்வலர்களின் விவரத்தைத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கமும் அக்டோபரில் இறக்கப்பட்டது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பக்கத்தை இறக்கச் சொன்ன உத்தரவை ரத்து செய்தது. இடைப்பட்ட மாதங்களில், சம்பளம் வாங்காமல் இரவில் உட்கார்ந்து தொகுக்கும் என் நண்பர்கள் சிலர் இந்தியத் தொழில் நிறுவனங்களைத் தொடுவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் விட்டுப்போன பக்கங்களை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் சான்றை முன்னைவிட இறுக்கமாகக் கட்டிவிட்டு நான் தொடர்கிறேன்.

தொழிலதிபர்கள் எல்லோரையும் எதிரியாகப் பார்ப்பது நியாயமும் அல்ல. 2015 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா 381 கணக்குகளை ஒரே நேரத்தில் தடை செய்தது. ஆரஞ்ச்மூடி விவகாரம் என்று அதற்குப் பெயர். அந்தக் கும்பல் வரைவு நிராகரிக்கப்பட்டவர்களாகத் தேடிப் பிடிக்கும். பணம் கொடுத்தால் பக்கம் திறக்கலாம் என்று பேசும். திறந்தபின் அதைக் காப்பாற்ற மாதாமாதம் காசு கேட்கும். ஏமாந்தவர்கள் பெரும்பாலும் சிறு தொழில் செய்பவர்கள். நிராகரிப்பை நாங்கள் எழுதிய விதமும் அதற்கு இடம் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். விதிகளின் சுருக்கப் பெயரை மட்டும் எறிந்துவிட்டுப் போனால், விளங்காதவர் விளக்குகிறேன் என்று வரும் முதல் தரகரிடம் போவார். என் மறுப்புகளை முழு வாக்கியங்களில், எந்தச் சான்று ஏன் போதவில்லை என்று தனித்தனியாக எழுதுவது அதனால்தான். அந்த நபர் இதைப் படிப்பார், அவர் வீட்டார் படிப்பார்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் காய்கறிக் குளிர்பதனக் கிடங்குகள் நடத்தும் ஒரு தமிழர், மயூர் விஹாரில் பலகாலமாக இருப்பவர், என் பேச்சுப் பக்கத்தில் எழுதினார். “அண்ணா, என்னைவிடச் சின்ன ஆளுக்கெல்லாம் பக்கம் இருக்கே, எனக்கு மட்டும் ஏன் இல்ல?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தச் சின்ன ஆட்களின் பக்கங்களையும் பார்த்தேன். இரண்டை நீக்கல் உரையாடலுக்கு அனுப்பினேன். மற்றவர்கள் வைத்திருப்பது உங்களுக்கு உரிமையாகாது தம்பி, ஆனால் உங்கள் சான்றுகளை முழுசாகப் படிக்கிறேன் என்று பதில் போட்டேன். பக்கம் என்பது மாலை அல்ல, ஒருமுறை திறந்தால் நாளை ஒரு வழக்கோ நஷ்டமோ வந்தாலும் அங்கேதான் ஏறும், அப்போது எடுத்துவிடச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். புரிந்துகொண்டார், ஆனாலும் வேண்டும் என்றார்.

அவர் கொடுத்த சான்றுகளில் மூன்று விருதுச் செய்திகள், நான்கு அறிக்கைகள், ஒரு நீண்ட நேர்காணல். மீதமிருந்தது ஒன்று. ஒரு வேளாண்மை இதழின் செய்தியாளர் ஆசாத்பூர் சந்தைக்கே போய், வியாபாரிகளிடமும் லாரிக்காரர்களிடமும் பேசி எழுதியது. கிடங்குகள் எப்படி இயங்குகின்றன, வெங்காயம் எத்தனை நாள் தாங்குகிறது என்ற விவரங்களோடு, கோடையில் அவர் வாடகையை ஏற்றியதைப் பற்றிச் சந்தைக்காரர்கள் சொன்ன புகாரும் அதில் இரண்டு பத்தி வருகிறது. மற்றவற்றை எல்லாம் வைத்துக்கொண்டு இதை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார் அவர். வரைவைக் காப்பாற்றக்கூடியது அது ஒன்றுதான், எடுக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். அதைப் போல இன்னும் இரண்டு வந்தால் நானே கட்டுரைகள் இருக்கும் முதன்மை வெளிக்கு நகர்த்துகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.